எடைக்குறைப்புச் சேவை ஒன்றின் மதிப்புரை: முடி உதிர்வை அது எப்படிக் கையாண்டது?

வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி, மாதந்தோறும் காணொளி வழியாக மருத்துவரின் ஆலோசனை, தனியாக ஓர் உணவியல் நிபுணர், எடையைப் பதிவு செய்யக் கைப்பேசிச் செயலி, தேவைப்படும்போது ரத்தப் பரிசோதனை என எல்லாவற்றையும் ஒரே சந்தாவில் தரும் எடைக்குறைப்புச் சேவைகள் இப்போது பெருகிவிட்டன. அவற்றுள் ஒன்றில் நான் ஓராண்டுக்கும் மேலாக இருந்து வருகிறேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்தோடு நின்றுவிடுவது என்று எனக்குத் தோன்றவில்லை. சேவையின் எல்லாப் பகுதிகளையும் இங்கே எடைபோடப் போவதும் இல்லை. எடை குறைந்துவரும்போது தலைமுடி கொட்டத் தொடங்கினால் இந்தச் சேவை நமக்கு என்ன செய்கிறது என்ற ஒரே கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடையைக் குறைப்பதில் இந்தச் சேவை நேர்த்தியானது, உணவு ஆலோசனையில் மிகச் சிறப்பானது, முடி விஷயத்தில் மட்டும் முன்கூட்டி எச்சரிக்கவும் இல்லை, காரணத்தைத் தேடும் முன்பே பொருளை விற்க முன்வந்துவிட்டது.

எடை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எனக்குத் தரப்பட்ட மருந்து, பசியை அடக்கும் செமாக்ளூட்டைடு. வாரத்துக்கு 0.25 மி.கி. என்று தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று ஏற்றி, 2.4 மி.கி. வரை கொண்டுபோவதே வழக்கமான முறை. 2021-இல் வெளியான ஸ்டெப் 1 என்ற பெரிய ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டனர். 68 வாரங்களின் முடிவில் இந்த மருந்தைப் போட்டுக்கொண்டவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதமும், மருந்தில்லா ஊசி போட்டுக்கொண்டவர்களின் எடை 2.4 சதவீதமும் குறைந்திருந்தன. என் எடையும் ஏறத்தாழ அந்தச் சராசரியை ஒட்டியே இறங்கியது. மருந்து குளிர்ச்சி கெடாமல் சரியான நாளில் வந்து சேர்ந்தது, பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்கத் தனிப் பெட்டி தந்தார்கள், குமட்டலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை வேளை வாரியாக எழுதிக் கொடுத்தார்கள். இவற்றில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மருந்தின் அளவு பாதிக்கு மேல் ஏறி, எடையும் வேகமாக இறங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் முடி கொட்டத் தொடங்கியது. தலைக்குக் குளிக்கும்போது விரல்களோடு வந்தது. காய்ந்த பிறகு சீப்பில் வந்தது. தலையணை உறையிலும் நாற்காலியின் முதுகிலும் கிடந்தது. செயலியில் பக்கவிளைவுகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, நெஞ்செரிச்சல் என ஒவ்வொன்றுக்கும் விளக்கம் உண்டு. முடி உதிர்வு அங்கே இல்லை. சேர்ந்தபோது நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், காற்புள்ளியிட்டு அடுக்கிய நீண்ட பட்டியலின் நடுவே அந்தச் சொல் ஒரே ஒருமுறை வருகிறது. அது எப்போது தொடங்கும், எவ்வளவு காலம் நீடிக்கும், யாருக்கு அதிகம் வரும் என்பன பற்றி ஒரு வரியும் இல்லை.

இது ஒளித்துவைக்கப்பட்ட தகவல் அல்ல என்பதுதான் என் ஆதங்கத்துக்குக் காரணம். எடைக்குறைப்புக்கென விற்கப்படும் செமாக்ளூட்டைடான வெகோவியின் அதிகாரபூர்வ மருந்துக் குறிப்பிலேயே, அதைப் போட்டுக்கொண்ட பெரியவர்களில் 3 சதவீதத்தினரும், மருந்தில்லா ஊசி போட்டுக்கொண்டவர்களில் 1 சதவீதத்தினரும் முடி உதிர்வைத் தெரிவித்ததாகப் பதிவாகியிருக்கிறது. இதேபோன்ற இன்னோர் எடைக்குறைப்பு ஊசியான ஜெப்பவுண்டின் (மருந்தின் பெயர் டிர்ஸெபடைடு) குறிப்பு இன்னும் தெளிவாகப் பேசுகிறது: பெண்களில் 7.1 சதவீதம், ஆண்களில் 0.5 சதவீதம். இந்த முடி உதிர்வு எடை குறைவதோடு தொடர்புடையது என்றும் அதே குறிப்பு சொல்கிறது. நூறு பெண்களில் ஏழு பேர் என்பது ஒரு மருத்துவர் முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அளவு. இந்தச் சேவையின் பயனாளர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்று அதன் விளம்பரமே பெருமையோடு சொல்லிக்கொள்கிறது.

முடி ஏன் கொட்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், முன்கூட்டியே சொல்லியிருப்பது எவ்வளவு எளிது என்பதும் புரியும். நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சியை முடித்துக்கொண்டு, ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டு உதிர்கிறது. எந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தாலும் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில் இருக்கும். ஒரு லட்சத்தில் பத்தாயிரம் முடிகள் நூறு நாட்களில் உதிர வேண்டும் என்றால் நாளுக்கு நூறு. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை கொட்டுவது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்வதன் பின்னே இருப்பது இந்தக் கணக்குத்தான். இனி, உடலுக்கு வரும் ஆற்றல் திடீரென்று குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மயிர்க்காலின் அடியில் உள்ள செல்கள் உடலிலேயே மிக வேகமாகப் பெருகுபவற்றைச் சேர்ந்தவை. அவற்றுக்குத் தேவையும் அதிகம். உயிர் வாழ்வதற்கு முடி அவசியமில்லை என்பதால், தட்டுப்பாடு வரும்போது உடல் முதலில் கைவைப்பவற்றில் இதுவும் ஒன்று. இன்னும் ஆண்டுக்கணக்கில் வளர வேண்டிய முடிகள் காலத்துக்கு முன்பே ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வில் இருப்பவை 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்தால், நாளொன்றுக்கு உதிர்வது நூறிலிருந்து இருநூற்றைம்பதாகிவிடும். சீப்பைப் பார்த்து நாம் அதிர்ந்துபோவதற்கு அது போதும்.

இதற்கு டீலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர். 1961-இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் இதை விவரித்து எழுதினார். பிரசவம், கடும் காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பிறகு கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதும் இதே வகைதான். இந்த ஊசிகள் வருவதற்கு வெகு காலம் முன்பே, கடும் பட்டினிமுறை உணவுத்திட்டங்களுக்குப் பிறகும், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இது நன்கு அறியப்பட்டிருந்தது. இதில் முக்கியமான ஒன்று, காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே இருக்கும் இரண்டு மூன்று மாத இடைவெளி. இன்று கொட்டும் முடி இன்றைய குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பதில்லை. போன வாரம் மாற்றிய ஷாம்பூவையும், நேற்று குளித்த தண்ணீரையும் நாம் சந்தேகித்துக்கொண்டிருக்கும்போது, உண்மைக் காரணம் மூன்று மாதம் பின்னால் நிற்கிறது.

அப்படியானால் ஊசி தொடங்கும் தேதியைத் தெரிந்து வைத்திருக்கும், ஒவ்வொரு வார எடையையும் பதிவு செய்து வரைபடம் போட்டுக் காட்டும் ஒரு செயலிக்கு, முடி எப்போது கொட்டத் தொடங்கும் என்பதை ஏறக்குறைய நாள் குறித்தே சொல்லிவிட முடியும். எடை வேகமாக இறங்கும் மாதங்களை அது பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில், “இன்னும் சில வாரங்களில் முடி கொட்டக்கூடும், பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் அடங்கிவிடும், மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், புரதத்தைக் குறைக்க வேண்டாம்” என்று நான்கு வரிகள் அனுப்பினால் போதும். தண்ணீர் குடிக்கச் சொல்லியும் நடக்கச் சொல்லியும் நாள்தோறும் நினைவூட்டும் செயலி இதைச் செய்யாததை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. முடி கொட்டுவதைப் பார்த்து அஞ்சி, யாரிடமும் சொல்லாமல் சிகிச்சையையே கைவிட்டுவிடுபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த நான்கு வரிகள் பெரிய துணையாக இருந்திருக்கும்.

கொட்டிய முடியைக் கூர்ந்து பார்த்தாலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம் என்பதைப் பிறகு ஒரு தோல் மருத்துவர் எனக்குக் காட்டினார். நீளமான ஒரு முடியை எடுத்துக் கறுப்புத் துணியின் மேல் வைத்தார். ஒரு முனை மெலிந்து முடிந்தது. மறுமுனையில் குண்டூசித் தலையை விடவும் சிறியதாக, வெண்மையாக ஒரு குமிழ் இருந்தது. வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, இனி முளைக்காது என்று பலரும் நடுங்குவது அந்தக் குமிழைப் பார்த்துத்தான். உண்மையில் அது ஓய்வுக்காலத்தை முடித்துக்கொண்ட முடியின் அடையாளம். மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. குமிழே இல்லாமல் நடுவில் முறிந்த துண்டுகளாக வந்தால் அது உடைவு. அதற்குக் காரணம் வேறு. இதைப் படம் பிடித்துச் செயலியில் ஒரு பக்கம் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இனிச் சேவையின் பதிலுக்கு வருகிறேன். முடி கொட்டுவதாகச் செயலியின் உரையாடல் பகுதியில் எழுதியதும் விரைவாகவே பதில் வந்தது, மரியாதையாகவும் இருந்தது. “பல பயனாளர்களுக்கு இப்படி நேர்கிறது, கவலைப்படாதீர்கள்” என்ற முதல் வரியை அடுத்து, அவர்களுடைய முடிப் பராமரிப்புத் தொகுப்பின் இணைப்பு இருந்தது. பயோட்டின் என்ற பி வைட்டமின் கலந்த கம்மீஸ் (மென்று தின்னும் மிட்டாய் போன்றவை) ஒரு பாட்டில், பல்சத்து மாத்திரை ஒரு பாட்டில், ஷாம்பூ, தலையில் தடவிக்கொள்ளும் சீரம் ஆகியவை அதில் அடக்கம். என் ஹீமோகுளோபின் எவ்வளவு, தைராய்டு எப்படி இருக்கிறது, நாளுக்கு எவ்வளவு சாப்பிட முடிகிறது, எந்த இடத்தில் கொட்டுகிறது என்று யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பலருக்கு நேர்கிறது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தால், அதை முன்பே சொல்லாமல் விட்டதற்கு என்ன விளக்கம் என்று நான் எழுதிக் கேட்டேன். அதற்கு வந்த பதிலிலும் அதே இணைப்புத்தான் இருந்தது.

தொகுப்பில் உள்ள பயோட்டின் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் முடி என்றதும் எல்லோரும் முதலில் கைநீட்டுவது அதை நோக்கித்தான். பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 5,000 மைக்ரோகிராம் என்று அச்சிட்டிருந்தது. ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குப் போதுமானதாகக் கருதப்படும் பயோட்டின் 30 மைக்ரோகிராம். ஆக ஒரு நாளைத் தேவையைப் போல நூற்று அறுபது மடங்குக்கும் மேல். பயோட்டின் குறைபாடு உண்மையில் இருப்பவர்களுக்கு முடி கொட்டும், பயோட்டின் கொடுத்தால் சரியாகவும் செய்யும். ஆனால் அந்தக் குறைபாடு மிக அரிது. குறைபாடு இல்லாதவர்களுக்கு அது முடியை வளர்க்கிறது என்பதற்கு வலுவான சான்று கிடையாது. பயனில்லை என்பதோடு நின்றிருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது.

அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் திரித்துவிடும். ஆய்வகங்களில் பயன்படும் பல சோதனைமுறைகள் பயோட்டினை ஒரு பிடிமானமாகக் கொண்டு இயங்குபவை. ரத்தத்திலேயே அது மிகுந்திருந்தால் கணக்குத் தவறிவிடும். தைராய்டு பரிசோதனையில், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 உள்ளதைவிட அதிகமாகவும் காட்டக்கூடும். அதாவது தைராய்டு குறைவாகச் சுரப்பவருக்குச் சரியாகச் சுரப்பது போலவும், நன்றாக இருப்பவருக்கு அதிகமாகச் சுரப்பது போலவும் அறிக்கை வந்துவிடலாம். மாரடைப்பைக் கண்டறியப் பயன்படும் ட்ரோபோனின் பரிசோதனையிலும் இப்படிப் பிழை நேரலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. 2019-இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. தைராய்டு கோளாறும் முடி கொட்டுவதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதை இத்தோடு சேர்த்துப் பாருங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய பரிசோதனையையே குழப்பும் பொருளை, பரிசோதனைக்கு முன்பே கையில் கொடுக்கிறார்கள். இந்தச் சேவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு பரிசோதனையும் செய்கிறது. அதற்கு முன்பதிவு செய்யும் பக்கத்தில், சாப்பிடாமல் வர வேண்டுமா என்பது முதல் எந்தக் கையில் ரத்தம் எடுக்கலாம் என்பது வரை கேட்கிறார்கள். பயோட்டின் எடுக்கிறீர்களா என்ற கேள்வி இல்லை. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே பயோட்டினை நிறுத்திவிட வேண்டும் என்பது தைராய்டு மருத்துவர்கள் சொல்லும் பொது அறிவுரை. அளவு மிக அதிகம் என்றால் இன்னும் முன்பே நிறுத்த வேண்டியிருக்கலாம். அவர்கள் விற்கும் பாட்டிலில் அதைப் பற்றிய எச்சரிக்கையும் இல்லை.

பல்சத்து மாத்திரையில் வைட்டமின் ஏ-யும் செலினியமும் இருந்தன. இவ்விரண்டும் குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் முடி கொட்டும். 2008-இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்துமருந்தில் குறிப்பிட்டதைவிட 200 மடங்கு செலினியம் தவறுதலாகக் கலந்துவிட, 10 மாநிலங்களில் 201 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோருக்கு முடி உதிர்ந்தது. இந்தத் தொகுப்பில் உள்ள அளவு அப்படிப்பட்டதல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஏற்கெனவே வேறு சத்து மாத்திரை எடுத்துக்கொள்பவர் இதையும் சேர்த்து விழுங்கினால் கூட்டுத்தொகை என்னவாகும் என்று பார்ப்பதற்குச் சேவையில் எவரும் இல்லை. ஷாம்பூ தலையைச் சுத்தம் செய்கிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. சீரத்தின் வாசனை நன்றாக இருக்கிறது.

குறைகளையே அடுக்கிக்கொண்டு போனதால் சேவையின் சிறந்த பகுதியை மறைத்துவிடக் கூடாது. உணவியல் நிபுணர் வேறு விதமானவர். முடி கொட்டுகிறது என்று அவரிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பசி இல்லாத நாட்களில் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?” என்பதுதான். இந்த மருந்தின் இயல்பே பசியை அடக்குவது. வயிறு காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்றாகிவிடுவதால் மொத்த உணவும் குறைகிறது, அதோடு புரதமும் குறைகிறது. சாப்பிட்டதையெல்லாம் ஒரு வாரம் எழுதிவைக்கச் சொல்லி, தாமே கூட்டிப் பார்த்து, புரதம் நாளுக்கு 40 கிராமைக்கூடத் தொடவில்லை என்று காட்டினார். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் சேர்ப்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. எனக்கு அதன் கீழ்வரம்பை இலக்காக வைத்தார். தட்டில் எதை முதலில் சாப்பிடுவது என்பதையே மாற்றினார்: வயிறு நிறைந்துவிடும் முன்பு புரதம் உள்ளே போய்விட வேண்டும், மற்றவை பிறகு. ஊசி போட்டுக்கொண்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் பசி மிகவும் மந்தமாக இருப்பதைக் கவனித்து, அந்த நாட்களுக்கு மட்டும் சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுத்தார். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்தப் புரத அளவு பொருந்தாது, மருத்துவரைக் கேட்ட பிறகே கூட்ட வேண்டும் என்பதையும் மறக்காமல் சொன்னார். முடித் தொகுப்பைப் பற்றி நான் கேட்டபோது, தம்முடைய பரிந்துரை அதுவல்ல என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். இவர் ஒருவருக்காகவே இந்தச் சந்தாவைத் தொடரலாம் என்று நான் நினைத்ததுண்டு.

காணொளி மருத்துவர் நல்லவர்தான். ஆனால் காணொளியில் தலையை எப்படிப் பார்ப்பது? கேமராவின் முன்னே வகிட்டைக் காட்டச் சொன்னார், வெளிச்சம் போதாமல் இரண்டு பேருமே கைவிட்டோம். எடை இழப்பால் வரும் உதிர்வாகத்தான் இருக்கும் என்று சொன்னார். அது சரியாகவும் இருந்தது. ஆனால் நேரில் ஒரு தோல் மருத்துவரைப் பார்க்கலாமா என்ற பேச்சை நான்தான் எடுக்க வேண்டியிருந்தது. கேட்ட பிறகு தயங்காமல் பரிந்துரைக் கடிதம் தந்தார். அந்தச் சந்திப்பு சந்தாவில் அடங்காது.

நேரில் பார்த்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. தோல் மருத்துவர் தலையின் வெவ்வேறு பகுதிகளில் ஐம்பது அறுபது முடிகளை விரலிடுக்கில் பற்றி, மெதுவாக நுனி வரை இழுத்து, எத்தனை வருகின்றன என்று பார்த்தார். வகிட்டின் அகலத்தை முன்புறத்திலும் பின்புறத்திலும் ஒப்பிட்டார். உருப்பெருக்கிக் கருவியைத் தலையில் வைத்து முடிகளின் தடிமனைப் பார்த்தார். எடை இழப்பால் வரும் உதிர்வு தலை முழுவதும் பரவலாக இருக்கும். நடு வகிடு மட்டும் அகன்று முடி மெலிந்துகொண்டே வந்தால் அது பரம்பரை வழி வரும் வழுக்கையாக இருக்கலாம். நாணயம் போல வட்டமாக ஓரிடம் மொழுமொழுவென்று ஆனால் அது புழுவெட்டு. மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. உள்ளுக்குள் மெல்லத் தொடங்கியிருந்த பரம்பரை வழுக்கையை இந்தத் திடீர் உதிர்வு வெளிக்காட்டிவிடுவதும் உண்டு என்றார். கேமரா வழியாக இவற்றைப் பிரித்தறிய முடியாது. கம்மீஸ் பாட்டிலின் இணைப்பை அனுப்புபவர்கள் பிரித்தறிய முயல்வதும் இல்லை.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபினும் இயல்புக்குள் இருந்தது. ஃபெரிட்டின் மட்டும் தாழ்ந்திருந்தது. ஃபெரிட்டின் என்பது உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதைக் காட்டும் அளவு. ரத்தசோகை வருவதற்கு முன்பே சேமிப்பு கரைந்துவிடும் என்பதால் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைய முடியாது. சேவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனைப் பட்டியலில் ஹீமோகுளோபின் இருக்கிறது, ஃபெரிட்டின் இல்லை. மாதவிடாய் உள்ள பெண்கள், பசியில்லாமல் குறைவாகச் சாப்பிடும் நிலையில், இரும்புச் சேமிப்பை இழப்பது எதிர்பார்க்கக்கூடிய ஒன்றுதானே? முடித் தொகுப்பைத் தயாரிப்பதற்குச் செலவிட்ட அக்கறையில் சிறு பங்கை இந்த ஒரு பரிசோதனையைச் சேர்ப்பதில் காட்டியிருக்கலாம். எனக்கு இரும்பு மாத்திரை எழுதித் தரப்பட்டது. இரும்பையும் தேவையில்லாமல் எடுப்பது தீங்கு. அளவு பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

மருந்தை நிறுத்திவிடலாமா என்ற கேள்வி இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் வரும். நிறுத்தினாலும் கொட்டுவது உடனே நிற்காது; ஓய்வுக்குப் போய்விட்ட முடிகள் எப்படியும் உதிர்ந்தே தீரும். அதோடு மருந்தை நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுவது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த ஒன்று. இந்தக் கேள்வியைக் காணொளி மருத்துவர் நன்றாகக் கையாண்டார். அடுத்த படிக்கு ஏற்றாமல் இருந்த அளவிலேயே என்னை நிறுத்திவைத்தார்; எடை இறங்கும் வேகம் சற்றுத் தணிந்தது; சாப்பிடவும் முடிந்தது. செயலியோ, “உங்கள் அடுத்த அளவுக்கான நேரம் வந்துவிட்டது” என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தது. மருத்துவர் எடுத்த முடிவு செயலிக்குத் தெரியவில்லை.

மினாக்சிடில் பற்றியும் ஒரு வார்த்தை. தொகுப்பை வேண்டாம் என்று சொன்ன பிறகு, அதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று உரையாடல் பகுதியிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. அது நல்ல மருந்து. 2 சதவீதம், 5 சதவீதம் என்ற அளவுகளில் தலையில் தடவும் மருந்தாகப் பரம்பரை வழுக்கைக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. ஆனால் தொடங்கிய முதல் சில வாரங்களில் அதுவே முடியைக் கொட்டச் செய்யக்கூடும் என்பதையும், நிறுத்தினால் அதனால் வளர்ந்த முடி போய்விடும் என்பதையும் அந்தச் செய்தி சொல்லவில்லை. ஏற்கெனவே கொட்டும் முடியைப் பார்த்துக் கலங்கியிருக்கும் ஒருவருக்கு இதைச் சொல்லாமல் கொடுப்பது அவரை இன்னும் கலங்கடிக்கும். எனக்கு இருந்தது தானாகவே சரியாகக்கூடிய உதிர்வு என்பதால் தோல் மருத்துவர் அது இப்போதைக்குத் தேவையில்லை என்றார்.

கொட்டுவது சில மாதங்களில் படிப்படியாக அடங்கியது. நெற்றியோரத்திலும் காதுகளுக்கு மேலும் விரற்கடை நீளத்தில் புதுமுடிகள் வாரினாலும் படியாமல் நிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் பின்னல் இன்னும் மெலிந்தே இருக்கிறது, அது அப்படித்தான் இருக்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வதால், புதிதாக முளைத்தவை தோளைத் தொட்டு மற்ற முடிகளோடு சேர்வதற்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். உதிர்வு நிற்பதற்கும் அடர்த்தி திரும்புவதற்கும் இடையே உள்ள இந்த நீண்ட காலத்தில்தான் பலரும் பொறுமை இழந்து எதையாவது வாங்குகிறார்கள். இதையும் சேவை யாருக்கும் சொல்வதில்லை.

இந்தச் சேவையில் சேர நினைப்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நான் சொல்வது இதுதான். மருந்துக்காகவும் உணவியல் நிபுணருக்காகவும் சேரலாம். முதல் சந்திப்பிலேயே ஃபெரிட்டினையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிகிச்சை தொடங்கும் முன் இருந்த அளவு கையில் இருந்தால் பிறகு ஒப்பிட உதவும். தொடங்கும் நாளிலேயே வகிட்டை நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடி ஆறு மாதத்துக்கு மேலும் கொட்டிக்கொண்டே இருந்தாலோ, ஒரே இடத்தில் கொட்டினாலோ, தலைத்தோலில் வலியோ எரிச்சலோ செதில்களோ இருந்தாலோ செயலியில் எழுதிக்கொண்டிருக்காமல் நேரே ஒரு தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நான் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன். புதுப்பிக்கும்போது முடிப் பராமரிப்புத் தொகுப்பு தானாகவே தேர்வாகியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டணப் பக்கத்தின் அடியில், முகவரிக்குக் கீழே சிறிய எழுத்தில் அது இருக்கும். அடுத்த பொட்டலம் புறப்படும் தேதிக்கு முன்பே அதை நீக்கிவிட வேண்டும். புறப்பட்ட பிறகு நீக்கினால் அந்த மாதத்துக்கான தொகையைத் திருப்பித் தருவதில்லை.